"எல்லாரும் வைஃபையை ஆஃப் பண்ணுங்க!"

மகளுக்கு அன்று காலை 11 மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பத்தே நிமிடத்தில் உள்ளேயிருந்து குரல்: "சார், நான் பேசறது கேக்குதா? ஹலோ... ஹலோ..."

எங்கள் தெருவுக்கு இன்னும் ஃபைபர் வரவில்லை. பழைய டெலிபோன் ஒயரில் வரும் இன்டர்நெட்தான். நான் வீட்டை இரண்டாக்கிவிட்டேன். மகனை கேமிலிருந்து எழுப்பினேன். "சீரியலை அப்புறம் பாத்துக்கலாம்மா" என்று அம்மாவின் போனையும் வாங்கி வைத்தேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அப்படியும் உள்ளே 'ஹலோ' நிற்கவில்லை.

சாயங்காலம் ரவுட்டரை ஆராய்ந்த மகன் சொன்னான்: "அப்பா, லைனை அடைச்சது உங்க போன்தான்."

முந்தின நாள் கல்யாணத்தில் எடுத்த 400 போட்டோக்களை, என் சட்டைப்பையில் இருந்தபடியே அது கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது!

எங்கள் லைனில் உள்ளே வரும் வேகம் சுமார்; வெளியே போகும் வேகம் 1 எம்பிபிஎஸ்கூட இல்லை. சீரியல் உள்ளே வருவது. என் போட்டோவும் மகளின் குரலும் வெளியே போவது. தபாலாபீஸில் ஒரே கவுன்ட்டர். நான் 400 பார்சலோடு நிற்கிறேன், எனக்குப் பின்னால் ஒரே ஒரு கடிதத்தோடு மகள். அதுதான் நடந்திருக்கிறது.

இதற்கு வழி பல ரவுட்டர்களிலேயே இருக்கிறது. அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை (எங்களுடையது 192.168.1.1) பிரவுசரில் போட்டு உள்ளே போனால் 'கியூஓஎஸ்' என்று ஒரு பகுதி. எந்தக் கருவிக்கு முதலிடம் என்று அதில் சொல்லிவிடலாம். வெளியே போகும் வேகத்துக்கு, உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாக ஒரு வரம்பும் வைத்தான் மகன். அப்போதுதான் வரிசை ரவுட்டரின் கட்டுப்பாட்டில் இருக்குமாம். இதனால் வேகம் கூடாது. வரிசை ஒழுங்காகும், அவ்வளவுதான்.

"சம்பாதிக்கிறவங்களுக்கு முதலிடம் குடுடா" என்றேன். அவன் தலையாட்டவில்லை.

"யார் பெரியவங்கன்னு பாக்கக்கூடாதுப்பா. எது காத்திருக்காதுன்னு பாக்கணும்."

போட்டோ ராத்திரி போகலாம். சீரியல் கொஞ்சம் முன்கூட்டியே இறங்கி வைத்துக்கொள்ளும். பேச்சு மட்டும் அரை விநாடிகூடக் காத்திருக்காது. அப்படிப் பார்த்தால் மகளின் லேப்டாப்போடு அம்மாவின் போனுக்கும் முதலிடம். தினமும் ராத்திரி 8 மணிக்கு வெளியூரில் இருக்கும் தன் தங்கையோடு வீடியோ காலில் பேசுகிறார். அதை நான் ஒரு கணக்காகவே வைத்ததில்லை. மகனின் கேமும் காத்திருக்காதுதான், தானாகவே விட்டுக்கொடுத்தான். என் போன் கடைசி.

அந்த வேலை மகளுக்குக் கிடைக்கவில்லை. இன்டர்நெட்தான் காரணமா என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வாரம் இன்னொரு இன்டர்வியூ. தினசரி காலண்டரில் நேரத்தைக் குறித்து வைத்திருந்தாள். பத்தே முக்காலுக்கு அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"உன் போனை ஆஃப் பண்ணிட்டியாடா?"