மத்ரஸா முற்றத்து மாமரம்



கும்மிடிப்பூண்டியை அடுத்த எங்கள் மத்ரஸாவின் முற்றத்தில் ஒரு மாமரம் உண்டு. சென்ற ஆண்டு அதன் கிளையொன்று இலையுதிர்ந்து பட்டுப்போயிற்று, பிறகு மற்றொன்று. தொழிற்பேட்டைப் புகையே காரணம் என்று நான் முடிவு கட்டினேன். அதோடு நில்லாமல் பாடவேளையில் மாணவர்களிடமும் உறுதியாகக் கூறினேன். அவர்களுள் ஒருவனுடைய அத்தா அங்கே ஓர் உருக்காலையில் வேலை செய்பவர் என்பது அப்போது நினைவில் இல்லை.

அந்தப் பையன்தான் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின், "ஹஜ்ரத், கொஞ்சம் வந்து பாருங்க" என்று அழைத்தான். அடிமரத்தில் ஒரு துளை. அதன் கீழே ஈரமான மரத்தூள். மாந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் பார்த்தவுடனே "தண்டுத் துளைப்பான்" என்றார். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தார். விரல் நீளத்தில் கொழுத்த வெண்புழு ஒன்று வந்தது. துளையைக் களிமண்ணால் அடைத்தார்.

அப்புழு வளர்ந்தால், உடலினும் நீண்ட உணர்கொம்புகள் கொண்ட பெரிய வண்டாகும். பட்டோசெரா ரூஃபோமாகுலேட்டா என்பது அதன் அறிவியற்பெயர். 1775-இல் டி கீர் என்ற சுவீடன் நாட்டறிஞர் முதலில் விவரித்தார். பெண்வண்டு பட்டையைக் கீறி முட்டையிடும். புழு பல மாதங்கள் மரத்தின் உள்ளேயே தின்று வாழும். வெளியே தெரிவது வாடிய கிளை மட்டுமே. இதே நீள்கொம்பு வண்டுக் குடும்பத்தில் மலர்களை நாடி மகரந்தம் உண்ணும் வண்டுகளும் உள்ளன. அவற்றின் புழுக்கள் பெரும்பாலும் பட்ட மரத்தையே உண்டு மண்ணாக்குகின்றன. எல்லாம் ஒரே குற்றவாளிக் கூட்டமன்று.

ஸபஃ அத்தியாயத்தில் ஸுலைமான் (அலை) அவர்களின் கைத்தடியை அரித்த சிற்றுயிர் கூறப்படுகிறது. அதைக் கரையான் என்பர் விரிவுரையாளர். இவ்வண்டோடு நான் அதனை இணைக்கவில்லை. ஆயினும் தடி அரிக்கப்பட்டு அவர்கள் விழும்வரை ஜின்களுக்கு அவர்கள் வஃபாத்தானது தெரியவில்லை. மறைவானது தமக்குத் தெரியாது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அப்பாடத்தை இருபது ஆண்டுகளாக நடத்திவருபவன் நான்.

மறுநாள் வகுப்பில் என் கூற்றைத் திரும்பப் பெற்றேன். (புகை நல்லதென்று சொல்லவில்லை, அது வேறு வழக்கு.) அந்தப் பையனிடம் மன்னிப்பும் கேட்டேன். அவன் தலைகுனிந்து, "எங்க அத்தாவும் புகைன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தாங்க, ஹஜ்ரத்" என்றான்.

அல்ஹம்துலில்லாஹ், மரம் இன்னும் நிற்கிறது. இந்த வாரம் மற்றொரு துளையைக் கண்டோம். கம்பி அவனிடம்தான் இருக்கிறது.