பாவம் அந்த சுவிட்ச்!

இன்டர்ன்ஷிப்ல என்னை நம்பிக் கொடுத்தது ஒரே ஒரு லினக்ஸ் போர்டு. அதுவும் ஆன் பண்ணும்போதெல்லாம் புது ஐ.பி. அட்ரஸோட வந்து நின்னுச்சு. ''நெட்வொர்க் சுவிட்ச் சரியில்லண்ணா''னு சீனியர்கிட்ட அடிச்சு விட்டேன். ''முதல்ல மேக் அட்ரஸைப் பாருடா''ன்னார். பார்த்தா... ஒவ்வொரு பூட்டுக்கும் வேற வேற!

மேக் அட்ரஸ் 48 பிட். வழக்கமா முதல் பாதி, ஐ-ட்ரிபிள்-ஈ அமைப்பு கம்பெனிக்குத் தர்றது. மீதியை கம்பெனி வைக்கும். போர்டு எழுந்திருக்கும்போது டிரைவர் அதை மெமரியிலிருந்து படிக்கும். அங்கே காலியா இருந்தா? தானே ஒரு நம்பரைக் குலுக்கிப் போட்டு எடுத்துக்கும். 'இது தற்காலிகப் பேரு' மாதிரி ஒரு பிட்டுல அடையாளமும் வைக்கும். ஆனா, எங்கேயும் எழுதி வைக்காது. ஆஃப் பண்ணினா போச்சு! ஐ.பி. கொடுக்கிற சர்வருக்கு, தினமும் புது விருந்தாளி.

சரி, மெமரியைக் காலி பண்ணினது யாரு? நானேதான்! சாஃப்ட்வேர் ஏத்துற அவசரத்துல மொத்த ஃப்ளாஷையும் அழிச்சிருந்தேன். ராத்திரி தூக்கமே இல்லை. மறுநாள் உண்மையைச் சொல்லிட்டேன். அண்ணன் திட்டலை. போர்டைத் திருப்பிக் காட்டினார். ஸ்டிக்கர்ல அந்த 12 எழுத்து! திரும்ப எழுதி, ரீபூட் பண்ணினேன். பழைய பேரு, பழைய ஐ.பி.!

சுவிட்ச்கிட்டதான் இன்னும் ஸாரி கேக்கலை.