தண்டில் ஒட்டிய கூடு

திருவாரூர் மாவட்டம் வடுவூர் ஏரிக்கரையை விட்டு இறங்கினால் சம்பா வயல்கள். கடந்த ஐப்பசிக் கடைசியில் ஒருநாள் காலை அங்கே வரப்பில் நடந்துகொண்டிருந்தேன். நட்டு ஐம்பது நாள் ஆன பயிர். உடன் வந்த விவசாயி ஒரு தண்டைப் பிடித்துக் காட்டினார்.

"சார், வயல் முழுக்க இந்தக் கூடுதான். என்ன பூச்சின்னு தெரியல. குருணை மருந்து வாங்கி வெச்சிருக்கேன். சாயங்காலம் போட்டுடலாமா?"

காய்ந்த பழுப்புக் கூடு. முதுகு பிளந்து, உள்ளே காலியாக இருந்தது.

"அண்ணே, இது தட்டான் கழற்றிப் போட்ட சட்டை" என்றேன். அவர் நம்பவில்லை. வயல் தண்ணீரில் கைவிட்டுத் துழாவினேன். சேற்றோடு நாலைந்து இளம்பூச்சிகள் வந்தன.

தட்டானுக்குக் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து வரும் இளம்பூச்சி தண்ணீரிலேயே வளர்கிறது. அதன் செவுள் பின்குடலுக்குள் இருக்கிறது. மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைச் சட்டென நீட்டி, கொசுப்புழுக்களைக் கவ்வித் தின்னும். பலமுறை தோலுரித்து, கடைசியில் தண்டில் ஏறி, முதுகைப் பிளந்து சிறகோடு வெளியே வரும். பிறகு பறந்தபடியே கொசு, தத்துப்பூச்சி, சிறு அந்துப்பூச்சிகளைப் பிடிக்கும்.

எங்கள் தலைக்கு மேலே மஞ்சள் தட்டான்கள் உட்காராமல் வட்டமிட்டன. பந்தாலா ஃபிளேவெசென்ஸ் என்ற இனம். அக்டோபரில் இவை மாலத்தீவில் கூட்டமாக வந்திறங்குவதைக் கவனித்த கடலியல் ஆய்வாளர் சார்லஸ் ஆண்டர்சன், இந்தியாவிலிருந்து கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009-ல் எழுதினார். தேங்கிய மழைத்தண்ணீரில் இதன் இளம்பூச்சி ஒன்றரை, இரண்டு மாதத்தில் வளர்ந்துவிடும். நெல் வயல் அதற்குப் போதும்.

பணியில் சேர்ந்த புதிதில், இதே கேள்விக்கு "போடுங்க" என்று சொன்னவன்தான் நானும். தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று அன்று குனிந்து பார்க்கவில்லை. குருணை மருந்து இந்த இளம்பூச்சிகளையும் கொன்றுவிடும்.

தட்டான் மட்டுமே குருத்துப்பூச்சியை ஒழித்துவிடாது. அதனால் இருவரும் வயலில் குறுக்காக நடந்து எண்ணினோம். நூறு தூருக்கு மூன்றில்தான் நடுக்குருத்து காய்ந்திருந்தது. பத்தைத் தொட்டாலோ, சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல் இருந்தாலோதான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அவர் மருந்துப் பையைப் பிரிக்கவில்லை.

உங்கள் வயலிலும் இப்படிக் கூடு தெரிந்தால், கடைக்குப் போகும்முன் அதன் முதுகு பிளந்திருக்கிறதா என்று பாருங்கள்.