80-இல் தொடங்கும் நடுக்கம்

75 கிலோமீட்டர் வேகம் வரை வண்டி பரம சாது. 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் உள்ளங்கையில் குறுகுறுக்கும். 90-இல் நன்றாகவே உதறும். 100-ஐ நெருங்கினால் தானாக அடங்கிவிடும். கோவையிலிருந்து சேலம் போகும் சாலையில், அவிநாசி தாண்டி பெருந்துறை வரை நெடுஞ்சாலை சீராகக் கிடக்கும் இடத்தில் இது துல்லியமாகத் தெரிந்தது.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய எஸ்யூவி அது. ஏழு பேர் உட்காரலாம். அம்மா, குழந்தைகள் என்று மொத்தக் குடும்பமும் ஏறும் வண்டியில், பிடித்திருக்கும் சக்கரமே நடுங்கினால் ஓட்டுகிறவனுக்கு நிம்மதி எப்படி இருக்கும்? எங்கிருந்து வருகிறது இது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்றிருந்தது.

முதலில் போன இடத்தில் அலைன்மென்ட் பார்த்தார்கள். அலைன்மென்ட் தப்பினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து போகும் உதறலுக்கு அது காரணமாவது அரிது. இன்னொரு பட்டறையில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், "லோயர் ஆர்ம் ரெண்டும் போச்சு சார், ஸ்டியரிங் ராக்கையும் மாத்திடலாம்" என்றார்கள். அந்தப் பேச்சு எனக்குக் கோபத்தையே தந்தது. எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது வைத்தியம் ஆகாது.

அதன் பிறகு நானே நடுக்கத்தைக் கவனிக்க ஆரம்பித்தேன். பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டியரிங் உதறினால் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். என் வண்டியில் பிரேக்கைத் தொடாமலே உதறியது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வந்து, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் டிரைவ் ஷாஃப்டின் உள்மூட்டு தேய்ந்திருக்கக்கூடும். இங்கே காலை எடுத்தாலும் நிற்கவில்லை. அதே 90-ஐ வேறு கியரில் ஓட்டினேன். எஞ்சின் சுழற்சி மாறியது, உதறல் மாறவில்லை. ஆகவே எஞ்சினும் இல்லை. சீட்டில் தெரியாமல் ஸ்டியரிங்கில் தெரிந்ததால் பின்சக்கரங்களைவிட முன்சக்கரங்கள் மேல்தான் சந்தேகம் விழுந்தது.

கணக்கும் அதையே சொன்னது. 235/65 ஆர்17 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.3 மீட்டர். 90 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குக் கிட்டத்தட்ட 11 தடவை சுழலும். சஸ்பென்ஷனுக்குக் கீழே சக்கரமும் ஹப்பும் சேர்ந்து இயல்பாகத் துள்ளும் வேகமும் நொடிக்கு 10 முதல் 15 தடவைக்குள்தான் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் சின்னக் குறையும் பெரிதாகத் தெரியும். தாண்டிவிட்டால் அடங்கும். சுற்றுக்கு ஒரு தடவை உதைக்கும் ஏதோ ஒன்று சக்கரத்திலேயே இருந்தது.

ஆனால் வீல் பேலன்சிங் பார்க்கும் மெஷினில் நான்கு சக்கரமும் சுத்தம். திரையில் இரு பக்கமும் பூஜ்யம். இதைவிட விசித்திரம், பேலன்சிங் முடித்துச் சக்கரத்தைத் திரும்ப மாட்டும் ஒவ்வொரு தடவையும் நடுக்கத்தின் அளவு மாறியது. ஒரு தடவை குறையும், அடுத்த தடவை முன்னைவிட மோசமாகும். எடை மாறவில்லை, டயர் மாறவில்லை. மாறியது மாட்டிய விதம் மட்டுமே.

முடிச்சை அவிழ்த்தவர் பெருந்துறைப் பக்கம் ஒரு டயர் கடைக்காரர். வயதானவர், அதிகம் பேசமாட்டார். "ஸ்டெப்னியை எடுங்க தம்பி" என்றார். அது வண்டியோடு கம்பெனியிலிருந்து வந்த இரும்புச் சக்கரம். மற்ற நான்கும் முந்தைய உரிமையாளர் வெளியே வாங்கிப் போட்ட அலாய் வீல்கள். முன் இடப்பக்கம் ஸ்டெப்னியை மாட்டி ஓட்டினோம், உதறல் பாதியாகக் குறைந்தது. வலப்பக்கம் மாற்றினோம், அப்போதும் பாதி குறைந்தது. கழற்றிய அலாய் வீலின் நடுத்துளையில் அவர் வெர்னியரை வைத்தார்: 73.1 மில்லிமீட்டர். ஹப்பின் விட்டம் 67.1.

இரும்புச் சக்கரம் ஹப்பின் மேலேயே கச்சிதமாக உட்கார்ந்து நடுவைப் பிடித்துக்கொள்கிறது. அலாய் வீலுக்கோ அந்தப் பிடிப்பே இல்லை. நட்டுகளின் கூம்பு முனை மட்டும்தான் அதை நடுவில் நிறுத்த வேண்டும். ஏர் கன்னால் ஒரு நட்டை முதலிலேயே முழுதாக முறுக்கினால் சக்கரம் அந்தப் பக்கம் ஒதுங்கி நின்றுவிடும். ஆணி நடுவில் இறங்காத பம்பரத்தின் கதைதான். மெஷின் ஏன் பூஜ்யம் காட்டியது? அது சக்கரத்தை நடுத்துளையில் கூம்பு வைத்துப் பிடிக்கிறது. வண்டியோ நட்டுகளில் பிடிக்கிறது. இரண்டின் மையமும் வேறு வேறு.

டயரோடு சேர்ந்து 25 கிலோ எடையுள்ள சக்கரம் அரை மில்லிமீட்டர் நகர்ந்து நின்றால், ரிம்மின் ஓரத்தில் கிட்டத்தட்ட 58 கிராம் எடையை ஒட்டியதற்குச் சமம். 90 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய 6 கிலோ விசையாகி, நொடிக்கு 11 தடவை திசை சுற்றி இழுக்கும்.

மருந்து எளியது. வெளிவிட்டம் 73.1, உள்விட்டம் 67.1 கொண்ட ஹப் ரிங் நான்கு. அலுமினியத்தில் வாங்கினோம். ஹப்பின் முகத்தில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தார். சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போதே நட்டுகளைக் கையால் ஓட்டி, எதிரெதிராக மாறி மாறி இறுக்கினார். வண்டியை இறக்கிய பின் டார்க் ரெஞ்சால் முடித்தார். பேலன்சிங்கில் எதையும் தொடவில்லை. திரும்பும் வழியில் 80, 90, 100 எல்லாம் ஒரே மாதிரி. ஸ்டியரிங்கை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தேன், அசைவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் அதைச் சத்தமாகவே சொன்னேன்.

டயர் மாற்றும்போது இந்த வளையம் ஹப்பிலேயே ஒட்டி நிற்கும், இல்லை சக்கரத்தோடு கழன்று கடைத் தரையில் உருண்டுவிடும். அதனால் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "அலாய் வீலுக்கு ரிங் நான்கு, திரும்பப் போடவும். ஏர் கன் வேண்டாம்."