சரளைக்கல்லும் சிறு சக்கரமும்

பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பூங்காவின் தார்ச்சாலையில் சக்கரம் வைத்த குப்பைத் தொட்டியைக் கொண்டு செல்வது எளிது. அச்சாலையை விட்டு, தொழிலாளர் வாடகைக்குக் குடியிருக்கும் சந்துகளுள் நுழைந்ததும் தொல்லை தொடங்குகிறது. சரளைக்கல், லாரிகள் உழுத பள்ளம், ஐப்பசி மழைக்குப் பின் முழங்கால் சேறு. இவற்றின்மீது அத்தொட்டியை இழுத்துச் செல்வோருள் பலர் நடுத்தர வயதுத் தாய்மார்கள். அவர்தம் தோளையும் இடுப்பையும் குறித்தே இங்கு எழுதத் துணிந்தோம்.

240 லிட்டர் தொட்டிக்கு இரண்டே சக்கரங்கள். குறுக்களவு பெரும்பாலும் 20 செ.மீ. தான். சமமான நடைபாதைக்கு அது போதும். 5 செ.மீ. உயரக் கல் ஒன்று குறுக்கிட்டாலோ, அதன்மேல் ஏற, சக்கரங்கள் தாங்கும் எடையைப்போல் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு விசையுடன் கிடையாக இழுக்க வேண்டும். 65 செ.மீ. மிதிவண்டிச் சக்கரமாயின் அவ்வெடையில் ஐந்தில் மூன்று பங்கு விசை போதும். கல்லின் உயரம் 10 செ.மீ. எனில் சிறு சக்கரம் ஏறவே ஏறாது, தூக்கத்தான் வேண்டும். மாட்டுவண்டிக்கு மார்பளவு சக்கரம் செய்த நம் தச்சர்கள் இக்கணக்கை ஏட்டில் படித்தவர்கள் அல்லர்!

தள்ளுவதினும் இழுப்பது நன்று. தள்ளும் கை சக்கரத்தை மண்ணுள் அழுத்துகிறது. இழுக்கும் கை சற்றே மேலே தூக்குகிறது. பளு அச்சுக்கு நேர்மேலே நிற்குமாறு தொட்டியைச் சாய்த்துப் பிடித்தால் கைச்சுமை குறையும். இவற்றை அத்தாய்மார்கள் நமக்குக் கற்பித்தார்களேயன்றி நாம் அவர்களுக்கன்று.

ஆயினும், பளுவின் அளவு வீட்டாரின் கையில் உள்ளது. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே குப்பையைப் பிரித்துத் தரப் பணித்தன. வடிக்காத சோற்றுநீரும் உடைந்த செங்கல்லும் இன்றும் ஒரே தொட்டியில் விழுகின்றன. பத்து வீட்டார் இரண்டிரண்டு லிட்டர் நீர் ஊற்றினால் 20 கிலோ கூடிவிடும். முன்னாளில் கழுநீர் மாட்டுக்குப் போயிற்று; வாடகை அறையில் மாடு ஏது?

அன்புக் குடும்பத்தாரே, நீரை வடித்துவிட்டுக் குப்பையைக் கொடுங்கள். கட்டட இடிபாட்டைத் தொட்டியில் இடாதீர்கள். இயன்றால் உங்கள் வாளியைச் சந்து முனை வரை நீங்களே கொண்டு வாருங்கள். வாடகை பெறும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் வாசலிலிருந்து தார்ச்சாலை வரை மூன்றடி அகலத்திற்குச் சிமெண்டுப் பலகைகளைப் பதியுங்கள். அடுத்த பருவமழை இறங்குமுன் அது முடிய வேண்டும்.