அப்பா ஒரு கேடி!

சனி, ஞாயிறு இரண்டு நாளும் லீவு என்று கண்டுபிடித்தவன் நிச்சயம் கல்யாணமாகாதவன். ஆனவனாக இருந்தால், 'ஞாயிறும் ஆபீஸ் வையுங்கள்' என்று மனு கொடுத்திருப்பான்.

எனக்கு ஆபீஸே கிடையாது. பி.காம். படித்துவிட்டு, ஊரார் கணக்கை எழுதப் பிடிக்காமல் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிற ஜாதி. வாரத்தில் ஏழு நாளும் வீட்டில்தான் கிடக்கிறேன். ஆனாலும் சனிக்கிழமை காலை காபியோடு ஒரு லிஸ்ட்டும் வரும். 'நாளெல்லாம் சும்மாத்தானே இருக்கீங்க' என்று மனைவி வாயால் சொல்லமாட்டாள். டம்ளரை வைக்கிற சத்தத்தில் சொல்லிவிடுவாள்.

போன சனிக்கிழமை லிஸ்ட்டில் இரண்டே அயிட்டம். பாத்ரூம் குழாய் சொட்டுகிறது. பாப்பாவுக்குப் புத்தக ஷெல்ஃப் மாட்ட வேண்டும். ஜூன் மாதம் கொடுத்த வாக்கு. பாப்பா அடுத்த கிளாஸுக்கே போய்விடுவாள் போலிருந்தது.

குழாய்க்கு வாஷர் மாற்றினால் போதும், அஞ்சு ரூபாய் சமாசாரம் என்று கிளம்பினேன்.

"அரை இஞ்சா, முக்கால் இஞ்சா சார்?" என்றார் ஹார்டுவேர் கடைக்காரர். விழித்தேன். "பழசைக் கழட்டி எடுத்துட்டு வாங்க."

வந்தேன், கழற்றினேன், போனேன், வாங்கினேன், மாட்டினேன். சொட்டு நின்று ஒழுக ஆரம்பித்தது. மூன்றாம் முறை போனபோது கடைப் பையனே சிரித்துவிட்டான். "ஸ்பிண்டிலே போயிருக்கும் சார். புதுக் குழாயா போட்டுடுங்க." அஞ்சு ரூபாய் வாஷர் நானூற்று எண்பது ரூபாயில் முடிந்தது. இதற்கிடையில் நான் மூடிவைத்த வால்வு மாடி வீட்டுக்கும் சேர்த்துத்தான் என்பது, மாடிக்காரர் தலையில் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இத்தனைக்கும் அப்பா ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஐ.சி.எஃப்.பில் முப்பத்தெட்டு வருஷம் ஃபிட்டர். ரயில் பெட்டியையே முடுக்கியவருக்கு எங்கள் வீட்டுக் குழாய் எம்மாத்திரம்! ஆனால் எழுபத்தைந்தைத் தாண்டியாயிற்று. இரண்டு வருஷமாகக் கை நடுங்குகிறது. அதிலிருந்து ஸ்பானரைத் தொடுவதில்லை. யோசனை சொல்வதும் இல்லை. ஷெல்ஃபை மாட்டி முடித்து நான் தள்ளி நின்று ரசித்தபோது மட்டும் பேப்பரைத் தாழ்த்தி, "இடது பக்கம் ரெண்டு நூல் இறங்கியிருக்கு" என்றார்.

இறங்கித்தான் இருந்தது. பாப்பா பென்சிலை வைத்துப் பார்த்தாள். உருண்டு வந்து விழுந்தது. மறுபடி மறுபடி வைத்து விளையாட ஆரம்பித்தாள். அந்த மட்டில் ஷெல்ஃப் வெற்றி.

சாயங்காலம் போன் வந்தது. ஒரு கம்பெனி முதலாளி. அவர்களுடைய மாதப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுக்கிறேன். நாலு மாதப் பாக்கி, நாற்பத்தெட்டாயிரம். படித்த பி.காம். வீண்போகவில்லை, அந்தத் தொகையை 'ஐயக்கடன்' பகுதியிலிருந்து 'வாராக்கடன்' பகுதிக்கு மாற்றலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த நேரம்.

"நாளைக்குக் காலைல கோல்ஃப் கோர்ஸுக்கு வாங்களேன். நடந்துக்கிட்டே பேசலாம். நீங்களும் ஒண்ணு ரெண்டு அடிச்சுப் பாருங்க."

சென்னையில் கோல்ஃபைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், நந்தனம் பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்த்த மதில்தான். ஆனாலும் "ஓ, கண்டிப்பா சார்" என்றேன்.

"நாளைக்கு அறுப்பின் பண்டிகை. ஞாபகம் இருக்கா?" என்றாள் மனைவி. எங்கள் சர்ச்சில் வருஷத்துக்கு ஒரு நாள். ஆராதனை முடிந்ததும் சபையார் கொண்டுவந்த காய்கறி, கோழி, கேக் எல்லாம் ஏலம் போகும். அப்பா வருஷம் முழுக்கக் காத்திருப்பது இதற்குத்தான்.

"ஒன்பது மணிக்குள்ள வந்துடுவேன்."

"நாற்பத்தெட்டாயிரத்தோடயா, சும்மாவா?"

பதில் சொல்லாமல் ஒத்திகையில் இறங்கினேன். ஹாலில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து, குடையைத் திருப்பிப் பிடித்து ஓங்கினேன். குடை டீப்பாயில் பட்டது. பழம் அப்படியே இருந்தது.

"தலையைத் தூக்காதே" என்று ஒரு குரல்.

அப்பா!

"பந்து எங்கே போச்சுன்னு முன்னாடியே பார்க்கறே. அடிச்சு முடிக்கிற வரைக்கும் கண்ணு பந்து மேலயே இருக்கணும். கையை இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதே. குருவியைப் பிடிக்கிற மாதிரி பிடி."

எழுந்து வந்து என் விரல்களை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தார். அவர் கை நடுங்கியதில் என் கையும் நடுங்கியது.

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"நான் சின்ன வயசுல கேடிடா."

சமையலறையில் கரண்டி விழுந்தது. போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ ஒட்டி வைப்பார்களே, அந்தக் கேடி என்று என் மனைவி நினைத்துவிட்டாள். நானும் ஒரு விநாடி நினைத்தேன்!

அப்புறம் புரிந்தது. இது கோல்ஃப் பை தூக்குகிற கேடி.

அப்பா குன்னூர்க்காரர் என்பது தெரியும். இது தெரியாது. 1961-ல் அவருக்குப் பன்னிரண்டு வயசு. வெலிங்டனில் ராணுவ ஆபீசர்கள் ஆடுகிற மைதானத்தில் பை தூக்கியிருக்கிறார். செருப்பில்லாத கால், பனி ஈரம், தன் உயரத்துக்கு ஒரு பை. பதினெட்டுக் குழி சுற்றி வந்தால் எட்டணா. தொலைந்த பந்தைப் புதரில் தேடி எடுத்தால் அது தனி வருமானம். தொலைத்தவரிடமே விற்றதும் உண்டாம். கேடிகள் மட்டையைத் தொட்டு ஆடக்கூடாது. அதனால் வாட்டில் மரக் கிளையை வெட்டி, கொல்லையில் ஆடிப் பழகியிருக்கிறார்கள். இதையெல்லாம் சொல்லும்போது அவர் உட்காரவே இல்லை. இரண்டு வருஷத்தில் அவர் இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

கடைசியில், "நாளைக்கு நானும் வரட்டுமா? சும்மா ஓரமா நின்னு பார்க்கறேன்" என்றார்.

"மெம்பர்ஸ் மட்டும்தாம்பா. உள்ளே விடமாட்டாங்க."

நான் மட்டும் மெம்பரா? யாரையும் நான் கேட்கக்கூட இல்லை. உண்மை என்னவென்றால், முதலாளியைப் பார்த்ததும் அப்பா பழக்க தோஷத்தில் அவர் பையைத் தூக்கிவிடுவாரோ என்று ஒரு பயம். அப்பா "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழத்தை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. போனில் கோல்ஃப் படித்தேன். ஸ்காட்லாந்தில் 1457-ல், ஜனங்கள் வில்வித்தையை விட்டுவிட்டு இதையே ஆடுகிறார்கள் என்று கோல்ஃபுக்குத் தடையே போட்டிருக்கிறார்கள். குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். பையில் அதிகபட்சம் பதினாலு மட்டை. பதினாலையும் ஒரு பன்னிரண்டு வயசுப் பையன் தோளில் போட்டுப் பார்த்தேன். அப்புறம் படிக்கவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணி. சர்ச்சுக்கு வைத்திருந்த பேன்ட், காலர் வைத்த பனியன். உள்ளே போனால், சென்னைதானா இது என்று சந்தேகம் வருகிற பச்சை. முதலில் பயிற்சி இடம். ஓங்கினேன், காற்றுதான் அடிபட்டது. இரண்டாம் முறை ஒரு பிடி மண் பறந்தது. மூன்றாம் முறை தலையைத் தூக்கவில்லை, குருவியை நசுக்கவில்லை. 'டக்' என்று ஒரு சத்தம். பந்து போய்க்கொண்டே இருந்தது!

முதலாளி திரும்பிப் பார்த்தார். "அட! யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"யூடியூப்ல பார்த்தேன் சார்."

சேவல் கூவுகிறதற்குள் பேதுரு மூன்று தரம் மறுதலித்தார். நான் அதற்குள் இரண்டு.

அவர் ஆட, நான் கூடவே நடந்தேன். கேடிக்கு ஐம்பது வயசிருக்கும். நாலாவது குழியில் பந்து புதருக்குள் போனதும், அடித்த முதலாளி கேடியைத்தான் திட்டினார். "கண்ணை எங்கே வச்சிருந்தே?" அவர் பதில் பேசாமல் குனிந்து தேடினார். நானும் போய்க் குனிந்தேன். பேன்ட் ஈரமாயிற்று.

"அடி நல்லா இருந்தது சார். யாராச்சும் கத்துக் குடுத்தாங்களா?" என்றார் அவர் மெதுவாக.

"எங்கப்பா. வெலிங்டன்ல உங்களை மாதிரி கேடியா இருந்தார்."

முதலாளிக்குக் கேட்காத தூரத்தில்தான் சொன்னேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன். கேடி என் முகத்தைப் பார்த்தார். புதரிலிருந்து இரண்டு பந்து எடுத்தார். ஒன்று முதலாளியுடையது. எப்போதோ, எவரோ தொலைத்த இன்னொன்றைத் துண்டில் துடைத்து என் கையில் வைத்தார். "அப்பாவுக்குக் குடுங்க சார்."

ஒன்பதாவது குழி முடியும்போதே மணி எட்டே முக்கால். பணப் பேச்சு அதுவரை வந்தது ஒரே ஒரு வாக்கியம்: "அக்கவுன்ட்ஸ்ல சொல்றேன்." இன்னும் ஒன்பது குழி பாக்கி.

"சார், நான் கிளம்பறேன். சர்ச்சுல பண்டிகை."

"பாதியிலயா?"

"கோல்ஃபுக்குத் தாய்வீடே ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ்தான் சார். அங்கே ஓல்டு கோர்ஸ்ல இன்னிக்கும் ஞாயித்துக்கிழமை ஆட்டம் கிடையாது. பெரிய போட்டி வந்தாத்தான் ஆடுவாங்க. மத்தபடி ஊர்க்காரங்க நாயைக் கூட்டிக்கிட்டு வாக்கிங் போவாங்க."

ராத்திரி படித்தது கை கொடுத்தது. அவருக்குப் பிடிக்கவில்லை என்பது அவர் அடுத்து அடித்த அடியில் தெரிந்தது. தண்ணீரில் விழுந்தது.

நான் போய்ச் சேரும்போது பிரசங்கம் முடிந்திருந்தது. ஏலம் ஆரம்பம். நாற்பது ரூபாய் பரங்கிக்காய் ஒன்றுக்கு அப்பாவும் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரும் மல்லுக்கு நின்றார்கள். "ஐந்நூறு, ஒரு தரம்..." "அறுநூறு!" பாப்பா அப்பாவின் கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். அறுநூற்றைம்பதில் காய் எங்களுடையதாயிற்று. ஜிபேயில் பணம் கட்டியது நான்.

மத்தியானம் பரங்கிக்காய் சாம்பார் சாப்பிட்டு முடித்ததும் பந்தை எடுத்துக் கொடுத்தேன். அப்பா உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். கட்டைவிரலால் அதன் குழிகளைத் தடவினார்.

"என்ன விலைடா இப்போ?"

"புதுசுன்னா முன்னூறு ரூபாய்க்கும் இருக்குப்பா."

"நாங்க நாலணாவுக்குக் கொடுத்தோம்" என்று சிரித்தார். பாப்பா பந்தை வாங்கி ஷெல்ஃபில் வைத்தாள். உருண்டது. கீழே தாத்தா குடையோடு தயாராக நின்றார்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாயிரம் வந்தது. ஒரு மாதம் கழிந்தது, பாக்கி மூன்று. முதலாளியிடமிருந்து ஒரு மெசேஜும் வந்தது: 'அடுத்த ஞாயிறு வருகிறீர்களா? மீதி ஒன்பது குழி!'

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"சனிக்கிழமைன்னா வர்றேன்னு சொல்லு. நானும் வரலாமான்னு கேளு."

"கேட்கறேம்பா" என்றேன். இதை எழுதுகிற இந்த நிமிஷம் வரை போன் மேஜை மேல்தான் இருக்கிறது. ஹாலிலிருந்து அப்பா இதோடு மூன்றாவது தரம் எட்டிப் பார்த்துவிட்டார்.