ரைன் நதியும் கைப்பேசியும்

வெளிநாடு சென்று திரும்பியவர்கள் சாதாரணமாக மூன்று விஷயங்களைப் பற்றி எழுதுவார்கள்: பார்த்த மலை, சாப்பிட்ட சாப்பாடு, தொலைத்த பெட்டி. நாம் எழுதப் போவது நான்காவதான ஒரு விஷயம். இதில் மலையும் உண்டு, நதியும் உண்டு. ஆனால் கதாநாயகன் என்னவோ நமது சட்டைப் பையில் கிடக்கும் கைப்பேசிதான்.

முதலில் ஒரு பழைய கணக்கைச் சொல்லிவிட வேண்டும். 2015-ஆம் வருஷம் நாமும் நமது இல்லத்தரசியும் ஐந்து நாள் சிங்கப்பூருக்குப் போய் வந்தோம். அங்கிருந்து நாம் யாருடனும் கைப்பேசியில் பேசவில்லை. பேசினால் பணம் போய்விடும் என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு நமக்கும் விவேகம் உண்டு. ஆனால் ஊர் திரும்பி இருபது நாள் கழித்து ஒரு பில் வந்து சேர்ந்தது. தொகை ரூ.11,640!

"பேசாததற்கே இவ்வளவு என்றால், பேசியிருந்தால் வீட்டையல்லவா எழுதி வைத்திருக்க வேண்டும்?" என்றாள் இல்லத்தரசி.

விசாரித்ததில் உண்மை விளங்கிற்று. நாம்தான் வாய் திறக்கவில்லையே தவிர, கைப்பேசி வாயை மூடவே இல்லை. நாம் உறங்கிய போதும் அது உறங்கவில்லை. நாம் எடுத்த புகைப்படங்களை ஒவ்வொன்றாக எங்கோ இருக்கும் களஞ்சியத்துக்கு அனுப்பிக் கொண்டிருந்திருக்கிறது. கடிதம் வந்திருக்கிறதா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் எட்டிப் பார்த்திருக்கிறது. தன்னைத் தானே புதுப்பித்தும் கொண்டிருக்கிறது. அத்தனையும் நம் செலவில்!

'ரோமிங்' என்னும் இந்தக் கட்டணத்தின் சூட்சுமம் இதுதான். அயல்நாட்டில் கால் வைத்ததும் நம் கைப்பேசி அங்குள்ள ஏதோ ஒரு கம்பெனியின் கோபுரத்தைத் தேடிப் பிடித்துக் கொள்கிறது. அந்தக் கம்பெனி, "இவர் உங்கள் வாடிக்கைக்காரர்தானா?" என்று நம் ஊர்க் கம்பெனியைக் கேட்கிறது. "ஆம்" என்று பதில் வந்ததும் இடம் கொடுக்கிறது. பிறகு நாம் செலவழித்ததற்கெல்லாம் நம் ஊர்க் கம்பெனிக்குக் கணக்கு அனுப்புகிறது. நம் ஊர்க் கம்பெனி அதற்கு மேல் தன் பங்கையும் சேர்த்து நம் தலையில் கட்டுகிறது. பிரயாணி வேறு கடை பார்த்துப் பேரம் பேசக் கூடிய நிலையில் இல்லை. தேர்த் திருவிழாவில், உச்சி வெயிலில், சோடாக்காரனிடம் யாராவது விலை பேசியதுண்டா?

நமது தேசத்துக்குள்ளேயே ஒரு காலத்தில் இந்தக் கூத்து நடந்தது. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ரயில் ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததுதான் தாமதம், வருகிற அழைப்புக்கும் காசு! தேசம் ஒன்று, கொடி ஒன்று. கைப்பேசிக்கு மட்டும் வழியில் சுங்கச் சாவடி. அது ஒழிந்தது நாம் செய்த புண்ணியம். ஆனால் ஐரோப்பியர்கள் நம்மையும் மிஞ்சிவிட்டார்கள். ஒரே நூற்றாண்டில் இரண்டு மகா யுத்தங்கள் நடத்திய தேசங்கள் ஒன்று கூடி, 2017 ஜூன் 15-ந் தேதி முதல் தங்களுக்குள் இந்தக் கூடுதல் கட்டணத்தை எடுத்துவிட்டன. பிரான்ஸில் வாங்கிய சிம்மை, நியாயமான அளவுக்குள், இத்தாலியிலும் ஜெர்மனியிலும் உள்ளூர்ச் செலவிலேயே உபயோகிக்கலாம். 2022-இல் இந்த ஏற்பாட்டை மேலும் பத்து வருஷங்களுக்கு நீட்டினார்கள். ஐரோப்பிய ஐக்கியத்தின் 27 தேசங்களோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவையும் இதில் அடக்கம். நடுவில் உட்கார்ந்திருக்கும் ஸ்விட்ஸர்லாந்து மட்டும் இதில் சேரவில்லை. நமது கதை அங்கேதான் ஆரம்பமாகிறது.

கோடை விடுமுறையில் நாங்கள் பாரிஸ் மாநகரில் இறங்கினோம். கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அப்பால் லா ஷப்பேல் என்று ஒரு பேட்டை இருக்கிறது. அங்கே கடைக்குக் கடை தமிழில் பெயர்ப் பலகை. முருங்கைக் காயும் கறிவேப்பிலையும் வாசலில் குவிந்து கிடக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து யுத்த காலத்தில் வெளியேறியவர்கள் உண்டாக்கிய கடைத்தெரு அது. பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு கடையில் சிம் வாங்கினோம். கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஐயா, இது ஜெர்மனி, இத்தாலி எல்லா இடமும் வேலை செய்யும். சுவிஸுக்குப் போறியள் எண்டால் மட்டும் கவனம். பாஸல் வரமுன்னமே டேட்டாவை நிப்பாட்டிப் போடுங்கோ. இல்லாட்டிப் போட்ட காசு முழுக்க ஒரு நிமிசத்திலை போயிடும்."

சில சிம்களில் ஸ்விட்ஸர்லாந்தும் சேர்ந்திருக்குமாம்; நாம் வாங்கிய மலிவுச் சரக்கில் அது இல்லை. அவர் சொன்னது பொன்னான புத்திமதி. ஆனால் நமக்குப் புத்தி கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்தது. ஊரிலிருந்து கொண்டு வந்த பழைய சிம்மையும் கழற்றிக் காகிதத்தில் மடித்து இல்லத்தரசியின் கைப்பைக்குள் போட்டுவிட்டோம். திருடன் வரும் வாசல் எதுவும் திறந்திருக்கக் கூடாதல்லவா?

பாரிஸிலிருந்து ஸூரிக் நகரத்துக்கு ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். பாஸல் வருமுன்பே பிரெஞ்சு சிம்மையும் அடக்கிவிட்டோம். தேசப் படத்தை முன்கூட்டியே கைப்பேசிக்குள் இறக்கி வைத்திருந்ததால் வழி தவறவில்லை. ஏரியும் பனிமலையும் கண்ணுக்கு விருந்தாக இருந்தன. ஆனால் நாம் தங்கிய சிறு விடுதியின் இலவச இணைப்பிலே ஒரு சிக்கல். கைப்பேசிக்கு ஓர் எண்ணை அனுப்புவார்களாம். அதைத் தட்டினால்தான் கதவு திறக்குமாம். நம் கைப்பேசியிலோ இரண்டு சிம்மும் உறக்கம். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டியவன் கதைதான்!

"நம்மூர் சிம்மை ஒரு நிமிஷம் போடுங்களேன். அம்மாவோடு பேசி இரண்டு நாளாகிறது" என்றாள் இல்லத்தரசி.

"ரூ.11,640!" என்றோம் நாம். அவள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

நமது தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறாள். அடுத்த வீட்டு அம்மாள்தான் துணை.

மூன்றாம் நாள் லீக்டன்ஸ்டைனுக்குப் புறப்பட்டோம். ஸூரிக்கிலிருந்து ஸார்கன்ஸ் வரை ரயிலில் ஒரு மணி. அங்கிருந்து பேருந்தில் தலைநகரான வாடூஸ். தேசத்தின் மொத்த விஸ்தீரணமே 160 சதுர கிலோமீட்டர்தான். குன்றின் மேல் கோட்டை. கோட்டைக்குள் இளவரசர் குடும்பம். செலாவணி ஸ்விஸ் பிராங்க். சுங்க விஷயத்திலும் ஸ்விட்ஸர்லாந்தோடு கூட்டு. கைப்பேசிக் கட்டணத்தில் மட்டும் ஐரோப்பாவோடு உறவு!

ஊரிலிருந்து நடந்து போனால் ரைன் நதி. அதுதான் இரு தேசங்களுக்கும் எல்லை. குறுக்கே 1901-இல் கட்டிய மரப்பாலம் ஒன்று, கூரையும் சுவருமாக ஒரு நீண்ட தாழ்வாரம் போல 135 மீட்டர் ஓடுகிறது. இந்தக் கரையில் நின்று பிரெஞ்சு சிம்மை எழுப்பினோம். என்ன ஆச்சரியம்! திரையில் வந்தது அக்கரைக் கம்பெனியின் பெயர். எல்லை மனிதர்களுக்குத்தான், கோபுரத்தின் அலைக்கு அது தெரியாது. எது பலமோ அதைக் கைப்பேசி பிடித்துக் கொள்கிறது. இந்த விதமாகவே எல்லையோர ஊர்களில் பலர் தாண்டாத எல்லைக்குக் காசு கொடுத்திருக்கிறார்கள். தானாகத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டை நிறுத்தி, பட்டியலிலிருந்து லீக்டன்ஸ்டைன் கம்பெனியை நாமே தேர்ந்தெடுத்த பிறகுதான் டேட்டாவைத் திறந்தோம்.

உடனே செய்திகள் மழையாகக் கொட்டின. எல்லாம் அடுத்த வீட்டு அம்மாளிடமிருந்து. "மாமி கொல்லையில் வழுக்கி விழுந்துவிட்டார். உங்கள் நம்பர் கிடைக்கவில்லை." "ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன்." "மணிக்கட்டு எலும்பு முறிவு. பயமில்லை." "எங்கே இருக்கிறீர்கள்?" கடைசிச் செய்தி வந்து முப்பது மணி நேரம் ஆகியிருந்தது.

கை நடுங்க இணைய வழியில் அழைத்தோம்.

"எனக்கென்னடா? கையில் கட்டுப் போட்டிருக்கிறது. நீ எங்கே தொலைந்து போனாய்?" என்றாள் தாயார்.

"செலவாகும் என்று போனை மூடி வைத்திருந்தோம், அம்மா."

சிறிது நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு சொன்னாள்: "உன் அப்பாவும் சிக்கனக்காரர்தான். தந்தி அடித்தால் வார்த்தையை எண்ணித்தான் அடிப்பார். ஆனால் அடிக்காமல் இருந்ததில்லை."

நமக்குப் பதில் வரவில்லை. கீழே ரைன் நதி ஓடிக் கொண்டிருந்தது.

அந்தப் பாலத்தின் மேல் நாம் கற்றுக்கொண்ட பாடத்தை, பிரயாணம் போகும் குடும்பங்களுக்காக இங்கே எழுதி வைக்கிறோம். ஊர் சிம்மைக் கழற்ற வேண்டாம். அதில் ரோமிங் டேட்டாவை மட்டும் அணைத்தால் போதும். குறுஞ்செய்தி பெறுவதற்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. புறப்படுமுன் கம்பெனியைக் கேட்டு நிச்சயப்படுத்திக் கொள்ளலாம். பாங்க் அனுப்பும் இரகசிய எண்ணும் அதற்குத்தான் வரும். அழைப்பு வந்தால் யார் என்று பார்த்துக் கொள்ளலாம், எடுத்தால்தான் காசு. ஆனால் எடுக்காத அழைப்பைக் குரல் பெட்டிக்குத் திருப்பும் ஏற்பாடு இருந்தால் ஊரிலேயே ரத்து செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எடுக்காததற்கும் பில் வரக்கூடும். டேட்டாவுக்கு உள்ளூர் சிம். அல்லது கைப்பேசி இடம் கொடுத்தால், அட்டையே இல்லாத இ-சிம். எந்தெந்தத் தேசம் சேர்த்தி என்பதை வாங்கும் போதே கேட்க வேண்டும். கப்பலிலும் ஆகாய விமானத்திலும் அங்கேயே உள்ள கோபுரத்தை நம் கைப்பேசி பிடித்துக் கொள்ளும். அந்தக் கட்டணம் ஐரோப்பிய விதிக்கும் கட்டுப்பட்டதல்ல. ஆகையால் அங்கே விமான முறையில் வைப்பதே க்ஷேமம்.

பாலத்தின் நடுவில் எல்லைக் குறி இருக்கிறது. அங்கே நின்று, இல்லத்தரசி கைப்பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். நாம் ஒன்றும் பேசாமல் ஊர் சிம்மை அதன் இடத்தில் பொருத்தினோம்.

தாயாரும் ஓர் ஏற்பாடு சொல்லியிருந்தாள். தினம் இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை மணி அடித்துவிட்டு வைத்துவிடுவாள்; நாம் எடுக்கக் கூடாது. அடித்தால் சௌக்கியம் என்று அர்த்தம்.

அன்று மாலை ஐந்தரை மணிக்கு ஸூரிக் ரயில் நிலையத்தில் கூட்டத்தின் நடுவே நின்று கொண்டிருந்தோம். சட்டைப் பையில் கைப்பேசி ஒரே ஒரு தடவை மணி அடித்து நின்றது.